அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் புரிய ஒரு 30 செ.மீ. குளோப்: வாங்கலாமா?

தட்டையான வரைபடத்தை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு அட்சக்கோடு (கிழக்கு மேற்காக ஓடுவது), தீர்க்கக்கோடு (துருவத்திலிருந்து துருவத்துக்கு ஓடுவது) சொல்லிக்கொடுக்க முயல்வது வீண் வேலை. சரக்குக் கப்பல்களில் செகண்ட் மேட்டாக வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன். கப்பல் போகிற பாதையைச் சார்ட்டில், அதாவது கடல் வரைபடத்தில், போடுவது அந்தப் பொறுப்பில் இருப்பவரின் வேலை. அப்படிச் சார்ட்டோடு காலம் தள்ளிய நானே, ஒரு குழந்தைக்கு இந்தக் கோடுகளை விளக்க வேண்டும் என்றால் முதலில் தேடுவது குளோப்பைத்தான். பேத்தியின் பாடப்புத்தகத்தில் இந்தப் பாடம் வந்ததும் 30 செ.மீ. விட்டமுள்ள மேசை குளோப் ஒன்றை வாங்கினேன். இந்த அளவில் பல நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செய்கின்றன. அதனால் பெயரை விட்டுவிட்டு, இதில் எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதுகிறேன்.

உருண்டை 23.5 டிகிரி சாய்ந்து நிற்கிறது. வட துருவத்திலிருந்து தென் துருவம் வரை அரைவட்டமாக ஒரு உலோக வளைவு. அதில் நடுவில் 0, இரண்டு பக்கமும் 90 வரை டிகிரி அச்சிட்டிருக்கிறார்கள். வட துருவத்தின் மேல் 24 மணி எழுதிய சிறிய தட்டு. உருண்டையின் மேல் 15 டிகிரிக்கு ஒன்றாக இரண்டு வகைக் கோடுகளும் போடப்பட்டிருக்கின்றன. கடகரேகை, மகரரேகை, ஆர்க்டிக், அண்டார்டிக் வட்டங்கள் எல்லாம் புள்ளிக்கோடுகள்.

வந்த அன்றே பேத்தியிடம் தையல் டேப்பைக் கொடுத்து, நிலநடுக்கோட்டில் அடுத்தடுத்த இரண்டு தீர்க்கக்கோடுகளுக்கு இடையே அளக்கச் சொன்னேன். 3.9 செ.மீ. வந்தது. அதே இரண்டு கோடுகளையும் பிடித்துக்கொண்டு மேலே போய், 60 டிகிரி வடக்கில், ஹெல்சின்கிக்குப் பக்கத்தில் அளந்தால் 2 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. சரி பாதி. இன்னும் மேலே போனால் எல்லாக் கோடுகளும் அந்த மணித்தட்டுக்கு அடியில் ஒரே புள்ளியில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அப்புறம் டேப்பைத் திருப்பி அட்சக்கோடுகளுக்கு இடையே அளக்கச் சொன்னேன். 0க்கும் 15க்கும் இடையே 3.9. 45க்கும் 60க்கும் இடையேயும் 3.9. “இது மட்டும் ஏன் தாத்தா மாறவே மாட்டேங்குது?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி வந்ததுமே போட்ட காசு வசூலாகிவிட்டது.

கடல் சார்ட்டில் தூரம் அளக்கும் விதியே இதில்தான் நிற்கிறது. ஒரு டிகிரியை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மினிட். அட்சத்தில் ஒரு மினிட் நகர்ந்தால் ஒரு நாட்டிகல் மைல், அதாவது 1,852 மீட்டர். இது நிலநடுக்கோட்டிலும் சரி, துருவத்துப் பக்கமும் சரி, பெரிதாக மாறாது. ஆகவே டிவைடரை (தூரம் எடுக்கிற இரண்டு முனைக் கருவி) சார்ட்டின் பக்கவாட்டு அளவுகோலில்தான் வைப்போம், அதுவும் நாங்கள் இருக்கிற அட்சத்துக்கு நேராக. மேலேயும் கீழேயும் இருக்கிற தீர்க்க அளவுகோலில் வைத்து யாரும் தூரம் அளக்க மாட்டார்கள். அங்கே ஒரு டிகிரி என்பது நிலநடுக்கோட்டில் 111 கி.மீ., 60 டிகிரியில் சுமார் 56 கி.மீ., துருவத்தில் ஒன்றுமே இல்லை. வகுப்பில் இதை ஒரு வரி விதியாக மனப்பாடம் செய்தவர்களை எனக்குத் தெரியும். டேப் பிடித்து அளந்து பார்த்த குழந்தைக்கு மனப்பாடமே தேவையில்லை.

உலோக வளைவுதான் இந்தப் பொருளில் எனக்கு மிகப் பிடித்த பாகம். வளைவு அசையாமல் நிற்க, உருண்டையைச் சுற்றி எந்த ஊரை வேண்டுமானாலும் அதன் கீழே கொண்டுவரலாம். ஊருக்கு நேராக வளைவில் இருக்கிற எண் அதன் அட்சம். அந்த ஊரிலிருந்து வளைவோடு விரலை நகர்த்தி நிலநடுக்கோட்டுக்கு வந்தால் அங்கே அச்சிட்டிருக்கிற எண் தீர்க்கம். சிங்கப்பூர் 1 டிகிரி வடக்கு, 104 டிகிரி கிழக்கு. நைரோபி 1 டிகிரி தெற்கு, 37 டிகிரி கிழக்கு. அட்சத்தை முதலில் சொல்ல வேண்டும், வடக்கா தெற்கா, கிழக்கா மேற்கா என்பதை விடவே கூடாது என்ற பழக்கம் இந்த விளையாட்டிலேயே வந்துவிட்டது. 0, 0 எங்கே இருக்கிறது என்று அவளாகவே தேடினாள். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில், வெறும் கடல்.

மணித்தட்டைப் பலர் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். விட்டுவிடாதீர்கள். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. ஒரு மணிக்கு 15 டிகிரி, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். கோடுகளை 15 டிகிரிக்கு ஒன்றாகப் போட்டிருப்பதற்குக் காரணமும் இதுதான். தீர்க்கத்தின் 0 கோடு போகிற லண்டன் கிரீன்விச்சை வளைவின் கீழே வைத்து, தட்டில் 12ஐ நேராக வைத்துக்கொண்டு உருண்டையைத் திருப்பினால், வேறு ஒரு தீர்க்கத்தில் சூரியக் கணக்குப்படி என்ன மணி என்று தெரிந்துவிடும்.

நான் அவளுக்குச் சொன்ன உதாரணம் பாரிஸ். 1884இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி கிரீன்விச் வழியாகப் போகிற கோட்டை 0 என்று வைத்துக்கொள்ள முடிவெடுத்தபோது, பிரான்ஸ் வாக்களிக்காமல் விலகி நின்றது. அட்சத்தின் 0 எங்கே என்பதைப் பூமியின் சுழற்சியே தீர்மானித்துவிடுகிறது. தீர்க்கத்துக்கு அப்படி இயற்கையான தொடக்கம் கிடையாது, மனிதர்கள் பேசித்தான் வைக்க வேண்டும். அதனால்தான் அத்தனை இழுபறி. கடைசியில் 1911இல் பிரான்ஸ் இறங்கி வந்தபோதும், அதன் சட்டம் கிரீன்விச் பெயரைச் சொல்லவில்லை. பாரிஸ் நேரத்தில் 9 நிமிடம் 21 விநாடி குறைத்ததே நாட்டின் நேரம் என்று எழுதினார்கள். பாரிஸின் தீர்க்கம் 2 டிகிரி 20 மினிட் கிழக்கு. டிகிரிக்கு 4 நிமிடம் என்று பெருக்கிப் பாருங்கள், ஒரு விநாடி வித்தியாசத்தில் அதே விடைதான் வருகிறது. பேத்தி பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுவே நீங்கள் நிற்கும் அட்சம். பழங்கால மாலுமிக்கும் இது கைவந்த கலை. தீர்க்கத்துக்கு அப்படி ஒரு நட்சத்திரம் இல்லை, சரியான கடிகாரம்தான் வேண்டும். கடிகாரம் 4 நிமிடம் பிசகினால் நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. தள்ளிப் போய்விடுவோம். ஜான் ஹாரிசன் செய்த கடல் கடிகாரம் 1761இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்டுப் போய்ச் சோதனையில் வென்ற பிறகுதான் இந்தத் தலைவலி தீர ஆரம்பித்தது. மணித்தட்டைச் சுற்றிக்கொண்டே இந்தக் கதையைச் சொல்லலாம், குழந்தைகள் நகர மாட்டார்கள்.

அடுத்து நூல். தோக்கியோவும் லாஸ் ஏஞ்சலிஸும் ஏறக்குறைய ஒரே அட்சத்தில் இருக்கின்றன, ஒன்று 36, இன்னொன்று 34 டிகிரி வடக்கு. சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் பாதை நேர் கிழக்கே போகிறது. குளோப்பில் இரண்டு ஊருக்கும் இடையே நூலை இறுக்கிப் பிடித்தால் அது மேலே ஏறி, 48 டிகிரி வரை போய், அலூசியன் தீவுகளுக்குச் சற்றுத் தெற்கே ஓடி இறங்குகிறது. நூல் காட்டுகிற வழி சுமார் 8,800 கி.மீ.; அட்சக்கோட்டை ஒட்டியே போனால் சுமார் 9,300. மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் 1569இல் போட்ட வரைபட முறை திசையைக் காப்பாற்றுவதற்காகப் பரப்பளவை விட்டுக்கொடுத்தது. அதனால்தான் அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு நிற்கிறது. குளோப்பில் பாருங்கள், ஆப்பிரிக்கா அதைப்போல சுமார் 14 மடங்கு. மெர்கேட்டரை நான் குறை சொல்லவில்லை, கப்பல் ஓட்ட அதைவிட நல்ல சார்ட் கிடையாது. ஆனால் உலகம் எப்படி இருக்கிறது என்று கற்றுக்கொள்ள அது முதல் படமாக இருக்கக் கூடாது.

பசிபிக் கடலின் காலி இடத்தில் எட்டு வடிவத்தில் ஒரு படம், மாதங்களின் பெயரோடு இருக்கும். எந்தத் தேதியில் சூரியன் எந்த அட்சத்துக்கு நேர் மேலே நிற்கிறது என்பதை அது காட்டுகிறது. ஜூனில் கடகரேகை, டிசம்பரில் மகரரேகை. கூட வந்த குறிப்புத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, பெரிய குறை.

குறைகள் இன்னும் உண்டு. வட அரைக்கோளமும் தென் அரைக்கோளமும் ஒட்டுகிற இடத்தில், நான் வாங்கிய உருண்டையில் கோடுகள் 2 மி.மீ. விலகியிருக்கின்றன. இந்த அளவு குளோப்பில் அது 85 கி.மீ. எந்தத் தீர்க்கக்கோட்டை விரலால் தொடர்ந்தாலும் நிலநடுக்கோட்டில் ஒரு துள்ளல் துள்ளுகிறது. கோடுகளைக் கற்பிக்க விற்கிற பொருளில் இது இருக்கவே கூடாது. மணித்தட்டும் தளர்வாக இருந்தது, உருண்டையோடு சேர்ந்து சுற்றியது. அடியில் ஒரு காகித வளையம் செருகி இறுக்கிய பிறகு சரியானது. தீர்க்க எண்களை நிலநடுக்கோட்டில் மட்டும் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், கண்ணாடி இல்லாமல் என்னால் படிக்க முடியவில்லை. தேதிக்கோடு, அதாவது பசிபிக் கடலில் ஒரு தேதி முடிந்து அடுத்தது தொடங்கும் கோடு, மட்டும் சரியாக இருக்கிறது: 2011 கடைசியில் சமோவா என்ற தீவு நாடு மறுபக்கம் மாறியதும், 1995இல் இன்னொரு தீவு நாடான கிரிபாட்டி தன் கிழக்குத் தீவுகளையும் ஒரே தேதிக்குள் கொண்டுவந்ததும் இதில் உண்டு. கடையில் பழைய சரக்கு நிறைய கிடக்கும்; சமோவா தேதிக்கோட்டுக்கு மேற்கே இருக்கிறதா என்று பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் வாங்கலாம் என்றுதான் சொல்வேன். 30 செ.மீ.க்குக் குறைவாக வாங்காதீர்கள், டேப் வைத்து அளக்க இடம் இருக்காது. டிகிரி எண் இல்லாத வெறும் வளைவு என்றால் வேண்டவே வேண்டாம். உள்ளே விளக்கு எரிகிற வகைக்குக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை, கோடுகள் புரிய அது எந்த விதத்திலும் உதவாது. பெட்டியைப் பிரித்ததும் நிலநடுக்கோட்டைச் சுற்றி ஒருமுறை விரலை ஓட்டி, மேல் கோடும் கீழ்க் கோடும் சேர்கின்றனவா என்று பாருங்கள். சேரவில்லை என்றால் தயங்காமல் மாற்றிக் கேளுங்கள்.