கட்டணமா, சொந்தச் சுத்திகரிப்பா, லாரியா?

தொழிற்சாலைக் கழிவுநீரைப் பொதுச் சாக்கடைக் குழாயில் விடச் சிங்கப்பூரின் தண்ணீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் எழுத்துபூர்வ அனுமதி வாங்கியாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருப்பவர்கள்தான் பின்னால் திண்டாடுகிறார்கள். வாங்குவதைவிட அதை வருடக்கணக்கில் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

செனோக்கோ தொழிற்பேட்டையில் முறுக்கு, மிக்சர் போடும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். பொதுவான வரம்பு லிட்டருக்கு 400 மில்லிகிராம் பிஓடி, அதாவது கழிவை மட்கவைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன். மாவு கரைந்த தண்ணீர் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நீர்த்துப்போக வைக்கலாமா? கூடாது, சட்டமே தடுக்கிறது.

மட்கும் கழிவு என்பதால் இவர்களுக்குக் கட்டண வழி உண்டு. ஒப்புதல் பெற்று, கூடுதல் பணம் கட்டினால் 4,000 மில்லிகிராம் வரை விடலாம். இடமும் ஆளும் குறைவான சின்னத் தொழிலுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் பணம் பிஓடிக்கும் நீரில் கரையாமல் கலங்கி நிற்கும் திடத்துகளுக்கும்தான் ஈடு. எண்ணெய்க்கும் பிஎச்சுக்கும், அதாவது அமில-காரத் தன்மையின் அளவுக்கும், சலுகை கிடையாது. சாயங்காலம் சட்டிகளைக் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவும் அந்த அரைமணி நேரத்தில் பிஎச் உச்ச வரம்பான 9-ஐத் தாண்டிவிடும். பகலெல்லாம் ஒழுங்காக இருந்தும் பயனில்லை. அதனால் எண்ணெயைப் பிரித்துத் தடுக்கும் எண்ணெய்ப் பொறியும், நாள் முழுவதும் வரும் நீரைச் சேர்த்துச் சமன்செய்யும் தொட்டியும் கட்டாயம் வேண்டும்.

சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் பெரிய ஆலைகளுக்குச் சரி. உலோக முலாம் பூசுபவர்களுக்கோ வேறு வழியே குறைவு. உலோகத்துக்குக் கட்டண வழி இல்லை. ஆனால் இயந்திரம் வாங்கினால் போதாது. நுண்ணுயிர்த் தொட்டியைத் தினமும் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். அவர் லீவு போட்டால் அடுத்தவர் யார் என்பதையும் முதலிலேயே யோசிக்க வேண்டும்.

லாரியில் அனுப்புவது எப்போதாவது சேரும் அடர்த்தியான கழிவுக்கு நல்லது. தினசரிக் கழிவுக்குச் செலவு கட்டுப்படியாகாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று சலித்துக்கொள்ளக் கூடாது. குழாயில் போகும் நீரில் ஒரு பகுதி 2003 முதல் நியூவாட்டராக, அதாவது மறுபடி பயன்படுத்தச் சுத்திகரித்த நீராக, திரும்பி வருகிறது, நம் குடிநீர்த் தேக்கங்களிலும் கலக்கிறது.

எந்த வழியானாலும், புதுப் பண்டம் ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கினால் கழிவும் மாறும். தீபாவளிக்கு இனிப்பு வரிசை சேர்க்கப்போகிறீர்கள் என்றால், சர்க்கரைப்பாகு குழாயில் இறங்குமுன் கழகத்திடம் பேசிவிடுங்கள்.