அத்தானின் அம்புக்குறி கேபிளும் அண்ணாச்சி கடை ஒயரும்

புனலூரில் அக்கா வீட்டு ஹாலில் இப்போது மூன்று வகை ஸ்பீக்கர் ஒயர் கிடக்கிறது. முதலாவது அத்தான் துபாயிலிருந்து கொண்டுவந்தது. பாம்புச்சட்டை மாதிரி பின்னல் உறை, உள்ளே வெள்ளி முலாம் பூசிய செம்பு, சத்தம் எந்தப் பக்கமாகப் போகவேண்டும் என்று காட்டும் அம்புக்குறி. விலை கேட்டால் முப்பதாயிரத்தில் ஆரம்பிப்பார், அக்கா பக்கத்தில் வந்ததும் பேச்சை மாற்றிவிடுவார். இரண்டாவது, செங்கோட்டையில் அண்ணாச்சி கடையில் நான் வாங்கி, பதிமூணு கண் பாலம் வழியாக ரயிலில் கொண்டுபோன ரெண்டரை ஸ்கொயர் (குறுக்குவெட்டு இரண்டரை சதுர மில்லிமீட்டர்) டூ கோர், அதாவது இரட்டைக் கம்பி, செம்பு ஒயர். ஒரு ஸ்பீக்கருக்கு ஆறு மீட்டர், ஆக மொத்தம் பன்னிரண்டு மீட்டர், ஆயிரத்துச் சொச்சம். மூன்றாவது, செட் வாங்கிய நாளிலிருந்து அங்கே கிடந்த கண்ணாடி உறை ஒயர். எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்தான் ஆகியிருக்கும்.

துபாய் கேபிளை மாட்டிய அன்று அத்தான் போன் போட்டார். “மாப்ள, திரையை விலக்கின மாதிரி இருக்கு. பாஸ், அந்த அடிச் சத்தம், சும்மா அதிருது. அடுக்களையில நிக்கிற உங்க அக்காவுக்கே வித்தியாசம் தெரியுது.” அவர் பொய் சொல்கிறவர் இல்லை. வித்தியாசம் இருந்திருக்கும் என்றே நம்பினேன். ஆனால் முப்பதாயிரம்தான் அதைச் செய்ததா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

அடுத்த தடவை போனபோது கழற்றிப்போட்ட பழைய ஒயரை எடுத்துப் பார்த்தேன். உறையில் 1.5 என்று அச்சடித்திருந்தது. உரித்தால் உள்ளே அதில் பாதி தேறலாம், மீதியெல்லாம் பிளாஸ்டிக். ஒரு இழையை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், அடியில் வெள்ளை. செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம். செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இது கடத்தும். போதாக்குறைக்கு இரண்டு முனையிலும் பச்சைக் களிம்பு. மலையடிவார மழை ஈரத்தில் செம்புப் பூச்சு பச்சையாகாமல் என்ன செய்யும்? எல்லாவற்றுக்கும் மேலாக, கழற்றுவதற்கு முன் அத்தான் போனில் எடுத்து வைத்திருந்த படத்தில் வலது ஸ்பீக்கரின் சிவப்புக் கோடு போட்ட ஒயர் கறுப்பு முனையில் இருந்தது. பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், பாஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். புதுக் கேபிள் மாட்டிய அன்று இந்த மூன்று கோளாறும் ஒரே நாளில் சரியாயின. கேபிள் மாற்றியதும் சத்தம் மாறியது என்று சத்தியம் செய்கிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் கேட்டது நிஜம், காரணத்தைத்தான் தப்பான இடத்தில் தேடுகிறார்கள்.

கணக்கையும் போட்டுவிடலாம். ரெண்டரை ஸ்கொயர் செம்பு ஒயரில் ஒரு மீட்டருக்கு மின்தடை சுமார் 0.0074 ஓம். ஆறு மீட்டர் போக, ஆறு மீட்டர் வர, மொத்தம் 0.09 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் இது உட்கார்ந்தால் குறைகிற சத்தம் 0.1 டெசிபெல். எந்தக் காதுக்கும் அது எட்டாது. பழைய அலுமினிய ஒயரை 0.75 ஸ்கொயர் என்று வைத்துக்கொண்டால் தடை 0.46 ஓம் வருகிறது, அரை டெசிபெல் போய்விடும். எட்டு ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர்களும் சில சுருதிகளில் நாலு ஓம் பக்கம் இறங்கும். அந்த இடத்தில் இழப்பு ஒரு டெசிபெல்லைத் தொடும். ஆக மலிவு ஒயர் கெடுத்தது உண்மை. அத்தானின் கேபிள்? வெள்ளி செம்பைவிட ஆறு சதவீதம் போலத்தான் நன்றாகக் கடத்தும். முழுக்க முழுக்க வெள்ளிக் கம்பியாகவே இருந்தாலும் அந்த ஆறு சதவீதத்தைச் செம்பைக் கொஞ்சம் தடிமனாக்கியே வாங்கிவிடலாம். இதில் இருப்பதோ முலாம்.

“கணக்கு பாட்டு கேக்காது, காதுதான் கேக்கும்” என்றார் அத்தான். சரி, காதுக்கே விடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டி, அக்காவை ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் உட்கார வைத்தோம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, விழுந்தபடி துபாய் கேபிளையோ என் ஒயரையோ மாட்டுவது அவள் வேலை. வால்யூம் குமிழில் செலோடேப் ஒட்டினேன், ஏனென்றால் துளி சத்தம் கூடினாலும் அதைத்தான் நம் காது ‘நல்ல சத்தம்’ என்று சொல்லும். மாற்றி மாட்ட அரை நிமிடம் பிடித்தது. அது இந்தச் சோதனையின் குறை. நுணுக்கமான வித்தியாசங்களைக் காது சில நொடிகளுக்கு மேல் நினைவில் வைப்பதில்லை. ஆனால் அடுக்களை வரைக்கும் கேட்ட வித்தியாசம் அரை நிமிடத்தில் மறந்துவிடக் கூடாது அல்லவா?

பத்து தடவையில் அத்தான் ஆறைச் சரியாகச் சொன்னார். “பாஸ் மார்க்குக்கு மேல” என்று சிரித்தார். கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னாலே பத்துக்கு ஆறோ அதற்கு மேலோ வர 38 சதவீத வாய்ப்பு உண்டு. ஒன்பது சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன், ஏனென்றால் அது குருட்டாம்போக்கில் வர நூற்றில் ஒரு வாய்ப்புதான். அப்புறம் பழைய அலுமினிய ஒயரைக் களிம்பு சுரண்டி, பிளஸ் மைனஸ் சரிபார்த்து மாட்டினோம். அதையும் அவர் “இது துபாய்” என்று ஒரு தடவை சொன்னார். அக்கா திரைக்குப் பின்னால் சிரித்துவிட்டதால் சோதனை அதோடு கெட்டது.

இந்த மாதிரி சவால் பெரிய அளவிலும் ஒருமுறை வந்தது. 2007ல் அமெரிக்காவில், மாயவித்தைக்காரராக இருந்து போலிக் கூற்றுகளை அம்பலப்படுத்துகிறவரான ஜேம்ஸ் ரேண்டி, 12 அடி ஜோடி 7,250 டாலருக்கு விற்ற ஒரு ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து காதால் மட்டும் பிரித்துக் காட்டினால் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். ஒரு ஆடியோ விமர்சகர் முன்வந்தார். கேபிள் கம்பெனி ஒதுங்கிக்கொண்டது, சோதனை நடக்கவே இல்லை.

டிவிக்குப் படமும் சத்தமும் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அதில் போவது ஒன்றும் சைபரும். கேபிள் மோசமானால் படத்தில் புள்ளி தெறிக்கும், திரை கறுக்கும். அதற்காக நல்ல கேபிள் மாட்டினால் குரல் இனிமையாகாது. பவர் கார்டு இன்னும் வேடிக்கை. டிரான்ஸ்பார்மரிலிருந்து தெரு முழுக்க அலுமினியக் கம்பி, சுவருக்குள் சாதா ஒயர், கடைசி ஒன்றரை மீட்டர் மட்டும் ராஜபரம்பரை. அதில் வரும் கரண்டையும் ஆம்ப்ளிபயருக்குள் போனதும் டையோடும் கெப்பாசிட்டரும் டிசியாக்கி விடுகின்றன.

ஒயரின் அருமை தெரிந்தவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் மைக் செட் போடுகிறவர்கள்தான். கோயில் கொடைக்குத் தெருமுனை வரை குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது தடித்த செம்பெல்லாம் அவர்களுக்குக் கட்டாது. நூறு வோல்ட் லைனில் அனுப்பி, ஒவ்வொரு குழாயிலும் சின்ன டிரான்ஸ்பார்மர் வைப்பார்கள். நூறு வாட்டை எட்டு ஓமில் நேரடியாக அனுப்பினால் மூன்றரை ஆம்பியர், நூறு வோல்ட்டில் அனுப்பினால் ஒரே ஆம்பியர். ஒயரில் வீணாவது பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும். மெல்லிய ஒயரிலேயே விடியும் வரை பாட்டு ஓடும்.

அக்கா வீட்டில் உண்மையிலேயே சத்தம் மாறியது வேறொரு நாள். ஹாலில் டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல். கை தட்டினால் கணகணவென்று திரும்பும். கல்யாண வீட்டிலிருந்து வந்த தடித்த ஜமுக்காளத்தை ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் அக்கா விரித்து, ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டாள், வேறு காரணத்துக்காக. அன்று பாட்டு ஓடும்போது ஒவ்வொரு சொல்லும் தனியாக விழுந்தது. அத்தான் உடனே சொன்னார், கேபிள் இப்பத்தான் பழகியிருக்கு என்று.

அம்புக்குறியை நான் முழுசாகக் கேலி செய்யமாட்டேன். ஷீல்டை, அதாவது இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையை, ஒரு முனையில் மட்டும் இணைத்த மைக் கேபிளில் அதற்கு அர்த்தம் உண்டு. ஸ்பீக்கர் கேபிளில் ஓடும் மின்னோட்டமோ நொடிக்கு நூறு, ஆயிரம் தடவை முன்னும் பின்னும் போய்வருவது. சோதனை முடிந்து திரும்ப மாட்டிக் கொடுத்தவன் நான்தான். பிளஸ் மைனஸை இரண்டு தடவை சரிபார்த்தேன். இடது பக்கக் கேபிளின் அம்பு மட்டும் ஆம்ப்ளிபயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கப்புறம் இரண்டு சாரல் போய்விட்டது. அத்தான் இன்னும் கவனிக்கவில்லை.