மைக்கோடோ: மழை முடிந்தால் லெட்யூஸ், வெயில் ஏறினால் பால் காளான்

வீட்டுக்குள் பயிர் வளர்க்க எந்தக் கட்டுப்பாட்டு அமைப்பு நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர் மைக்கோடோ. சென்னையில் எங்கள் வீட்டுப் பின்னறையைச் சில வருடங்களாக அதுதான் பார்த்துக்கொள்கிறது. அது எதைச் செய்யும், எதை நம் தலையில் விட்டுவிடும் என்பது நாளாக ஆகத்தான் பிடிபட்டது. அதை எழுதி வைத்தால் புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கொஞ்சம் பணமும் நேரமும் மிச்சமாகும்.

மைக்கோடோ ஒரு கட்டற்ற மென்பொருள். கைல் கேப்ரியேல் உருவாக்கியது, ஜி.பி.எல். என்ற திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஓடும். வெப்பநிலை, ஈரப்பதம், கரியமில வாயு, உரக்கரைசலின் பி.எச். (அமில, காரத் தன்மை), ஈ.சி. (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன்) எதுவானாலும் சென்சாரை இணைத்துவிட்டால் அளவுகளைத் தொடர்ந்து சேமித்து வரைபடமாகக் காட்டும். நாம் வைத்த எல்லையைத் தாண்டினால் ரிலே என்ற மின்சுவிட்ச் வழியாக ஃபேனையோ பம்பையோ போடும், நிறுத்தும். எல்லாம் வீட்டிலேயே நடப்பதால் இணையம் போனாலும் பயிருக்கு ஒன்றும் ஆகாது. முதன்முதலில் இதை எழுதியது காளான் வளர்ப்புக்காகத்தான். அந்தக் காளான் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நான் தொடங்கியது மண் இல்லாமல் உரக்கரைசலில் வளர்த்த லெட்யூஸ் என்ற சாலட் கீரையில். அரைக்கீரையும் சிறுகீரையும் தெருமுனையில் மலிவாகக் கிடைக்கும்போது அவற்றை விளக்குப் போட்டு வளர்ப்பதில் அர்த்தமில்லை. லெட்யூஸ் அப்படியில்லை, கடையில் வாங்கினால் விலையும் அதிகம், பாதி வாடியும் இருக்கும். கரைசலின் பி.எச். 5.5 முதல் 6.5 வரை, ஈ.சி. 1.2 முதல் 1.6 வரை, விளக்கு 16 மணி நேரம். மழைக்காலம் முடிந்து பிப்ரவரி வரை இந்த ஏற்பாட்டில் இலை மொறுமொறுவென்று வந்தது. கால்சியம் நைட்ரேட்டை மட்டும் மற்ற உரங்களோடு அடர்த்தியாகக் கலக்கக் கூடாது, சல்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாக அடியில் படிந்துவிடும். அதனால்தான் எப்போதும் இரண்டு தொட்டி.

ஏப்ரல் வந்தால் நிலைமை வேறு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். வேருக்கு மூச்சு குறையும் அதே நேரத்தில் வேரழுகல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வேர் பழுப்பாகி வழவழக்கும், செடி கசந்து பூத்தண்டு விடும். தண்ணீர் எத்தனை டிகிரி என்று மைக்கோடோ துல்லியமாகச் சொல்லும், அதைக் குளிர வைக்கும் மின்சாரத்துக்கு நாம்தான் வழி பார்க்க வேண்டும். 100 வாட் விளக்கு தினமும் 16 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 96 யூனிட். வீட்டுக்கு அரசு தரும் இலவச யூனிட்டில் ஒரு பெரிய பங்கு விளக்கிலேயே போய்விடும். அதன் மேல் ஏ.சி.யும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் கேலப் ஹார்ப்பர் தலைமையில் நடந்த ஓப்பன்ஏஜி திட்டம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். ஒரு பயிருக்கு வேண்டிய ஒளி, வெப்பம், ஈரம் எல்லாவற்றையும் 'காலநிலைச் செய்முறை'யாக எழுதி, உலகில் எங்கிருக்கும் வளர்ப்புப் பெட்டியிலும் அதே செடியை விளைவிக்கலாம் என்பது அவர்கள் கனவு. அவர்கள் 2019-ல் வெளியிட்ட பேசில் (துளசி வகை மூலிகை) ஆய்வு எனக்குப் பிடித்தமானது. 24 மணி நேரமும் விளக்கு எரிந்தால் மணம் தரும் பொருட்கள் கூடும் என்று அதில் கண்டார்கள். 2020-ல் திட்டம் மூடப்பட்டது. செய்முறையை இலவசமாகக் கொடுத்துவிடலாம், வெளியே அடிக்கும் 40 டிகிரி வெயிலோடு போராடும் செலவை யாரும் இலவசமாகக் கொடுக்க முடியாது. மைக்கோடோ அப்படி எந்தச் செய்முறையையும் நம்மிடம் திணிப்பதில்லை. அதனாலேயே நம் ஊருக்கு ஒத்துவருகிறது என்று நினைக்கிறேன்.

சரி, பால் காளான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 ரகம் 30 முதல் 35 டிகிரியில் சுகமாக விளையும். லெட்யூஸை வதைக்கும் அதே வெயில் இதற்கு வரம். வைக்கோலை வேகவைத்து, காளான் வித்துப் போட்டு உருளைப் படுக்கையாக அடைத்து, பூசணம் வெள்ளையாகப் பரவியதும் படுக்கையைக் குறுக்கே வெட்டி, மேலே கேசிங் மண் என்ற மூடுமண் போட வேண்டும். பத்து நாளில் மண்ணைக் கீறிக்கொண்டு குண்டூசித் தலை போல மொட்டு எட்டிப் பார்க்கும். இங்கே கருவியின் வேலை குளிர்விப்பது அல்ல. பனிபோல நீர் தெளிக்கும் ஃபாகரால் ஈரப்பதத்தை 80, 85 சதவீதத்தில் நிறுத்துவதும், கரியமில வாயு கூடினால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவதும்தான். மின்செலவு பெரிதாக இல்லை. மைக்கோடோவில் இரண்டு பயிருக்கும் தனித்தனியாக அமைப்புகளின் தொகுதி வைத்திருக்கிறேன், பருவம் மாறும்போது ஒன்றை அணைத்து மற்றதை இயக்கினால் போதும்.

இந்த மென்பொருளின் அருமை எனக்கு முழுதாகத் தெரிந்தது ஒரு காளான் பருவத்தில்தான். காம்பு நீண்டு, குடை சின்னதாக வர ஆரம்பித்தது. கரியமில வாயு தேங்கினால்தான் அப்படி ஆகும், சென்சாரோ எல்லாம் சரி என்றது. பழைய வரைபடங்களை வரிசையாகத் திறந்து பார்த்தேன். அறையில் எத்தனை படுக்கை இருந்தாலும் கோட்டின் அடிமட்டம் தினமும் 400 பி.பி.எம்.மிலேயே (பத்து லட்சத்தில் 400 பங்கு) வந்து நின்றது. மலிவு விலை சென்சார்கள் பலவற்றில் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. 24 மணி நேரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு அதையே 400 ஆக்கிவிடும். வீட்டுக் கூடத்துக்கு அது பொருந்தும். இரவும் பகலும் பூசணம் மூச்சு விடும் அறையில் காற்று அவ்வளவு இறங்குவதே இல்லை. சென்சாரை மொட்டை மாடியில் அரை மணி நேரம் வைத்துத் திருத்தி, மைக்கோடோ அமைப்பில் அந்தத் தானியங்கி வசதியை அணைத்தேன். அடுத்த அறுவடையில் குடை விரிந்து வந்தது. பொருளை விற்றவரே பூட்டி வைத்திருக்கும் செயலியில் பழைய தரவும் கிடைத்திருக்காது, அந்த அமைப்பும் கண்ணில் பட்டிருக்காது.

அப்புறம் வன்பொருள். மெமரி கார்டை நம்ப வேண்டாம், இடைவிடாமல் தரவு எழுதுவதும் மின்வெட்டும் சேர்ந்து அதைக் கொன்றுவிடும். சின்ன எஸ்.எஸ்.டி. சேமிப்பானும் ராஸ்பெர்ரி பைக்கு ஒரு யு.பி.எஸ்.ஸும் கட்டாயம். கரண்ட் வந்து ராஸ்பெர்ரி பை மீண்டும் எழும்போது பம்ப் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு ரிலேவுக்கும் முன்பே குறித்துவிடுங்கள். பி.எச்., ஈ.சி. சென்சார் முனைகள் இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டால் ஒன்றின் மின்னோட்டம் மற்றதன் அளவைக் கெடுக்கும், இரண்டின் மின்னோட்டத்தையும் தனிமைப்படுத்தும் போர்டு வேண்டும். ரிலேயும் கம்பிகளும் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. பி.எச். சென்சார் முனை மட்டும் தேய்மானப் பொருள், ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டிவரும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் பக்கமே போகாதவர்களுக்கு முதல் சில வாரங்கள் கடினமாகத்தான் இருக்கும், திரையில் அத்தனை தெரிவுகள். பால்கனியில் நாலு தொட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை, ஒரு டைமர் போதும். காளானோ மைக்ரோகிரீன் என்ற இளங்கீரையோ வாரா வாரம் விற்க நினைப்பவர்கள் மட்டும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். முதல் மாதம் ரிலே எதையும் இணைக்காமல், வெறும் வெப்பநிலை, ஈரப்பத சென்சாரை மட்டும் அறையில் வைத்து ஓடவிடுங்கள். எந்தப் பயிர் போடலாம் என்பதை அந்த வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.