பையில் தங்கியவை, பரணில் ஏறியவை

என் முதல் கேமரா ட்ரோன் 250 கிராமுக்குள் எடை, மடித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும் ரகம். வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. பட்ஜெட்டில் பெரும்பகுதியை ட்ரோனே விழுங்கிவிட, மீதியில் துணைக்கருவிகள் வாங்கினேன். லென்ஸில் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர் செட், றெக்கைக் காப்பு, பெரிய பெட்டி எல்லாம் வந்தன. இரண்டாவது பேட்டரி மட்டும் வரவில்லை. 'ஒன்று போதாதா' என்று நினைத்துவிட்டேன்.

போதவில்லை. அட்டைப் பெட்டியில் 30 நிமிடம் என்று போட்டிருப்பது காற்றில்லாத இடத்தில், பேட்டரி முழுக்கத் தீரும்வரை பறக்கவிட்ட கணக்கு. நாமோ 25 சதவீதம் இருக்கும்போதே இறக்கத் தொடங்க வேண்டும்; எதிர்க்காற்றென்றால் இன்னும் முன்னதாகவே. கைக்குக் கிடைப்பது இருபது, இருபத்திரண்டு நிமிடம். ஜிபிஎஸ் பிடித்து, உயரம் பார்த்து, கோணம் தேடுவதற்குள் அதில் கால்வாசி போய்விடும். வெயில் சாய்ந்து வெளிச்சம் அழகாகும்போது ரிமோட் கூவ ஆரம்பிக்கும். இரண்டே மாதத்தில் மேலும் இரண்டு பேட்டரி வாங்கினேன். மூன்றுக்கு மேல் எனக்குத் தேவைப்படவே இல்லை. ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்தால் கழுத்தே போதும் என்று சொல்லிவிடும். மூன்றையும் ஒன்றாகச் செருகும் சார்ஜரும் வாங்கினேன். அது பெரும்பாலும் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தொடும். நேரம் மிச்சமாகாது, நடுராத்திரியில் எழுந்து பேட்டரி மாற்றும் வேலை மட்டும் இல்லாமல் போகும்.

அந்த மூன்றில் ஒன்றை நானே கெடுத்தேன். முழு சார்ஜோடு அலமாரியில் வைத்துவிட்டு மூன்று மாதம் மறந்துபோனேன். எடுத்தபோது ஒரு பக்கம் தொப்பை போட்டிருந்தது, ட்ரோனுக்குள் நுழையவில்லை. அழுத்தித் தள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், நல்லவேளை தள்ளவில்லை. உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. பேட்டரிக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் ஒரு வாரத்துக்கு மேல் பறக்கவிடப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில்தான் வைக்கிறேன்.

மெமரி கார்டில் கஞ்சத்தனம் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம். வி30 என்று அச்சிட்ட கார்டு நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும். நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிவாகும் 4கே வீடியோவுக்கு வேண்டியது 12.5 மெகாபைட்தான் (எட்டு மெகாபிட் ஒரு மெகாபைட்). அந்தக் கணக்கில் 64 ஜிபி கார்டில் சுமார் 85 நிமிடம் கொள்ளும். ஒரே பெரிய கார்டுக்குப் பதில் இரண்டு 64 வைத்திருக்கிறேன். ட்ரோன் தண்ணீரில் விழுந்தால் அதோடு போவது ஒரு கார்டு மட்டும்.

றெக்கைகளைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. எட்டாவது மாதம் வீடியோவில் அடிவானம் ஜெல்லி மாதிரி நடுங்கியது. கேமராவைத் தாங்கும் கிம்பல் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன். சர்வீஸுக்கு அனுப்புமுன் றெக்கைகளைக் கழற்றி ஒவ்வொன்றின் விளிம்பிலும் நகத்தை ஓட்டினேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெட்டு, ஒன்றில் மட்டும் நகத்தில் தடுக்கியது. ஏதோ புதரில் உரசிய நினைவு. அந்த மோட்டாரின் ஜோடி றெக்கைகளையும் சேர்த்து மாற்றியதும் நடுக்கம் நின்றது. அப்புறம் இன்னொரு பாடம்: றெக்கைகளில் இரண்டு வகை உண்டு. மூலைக்கு மூலை எதிரெதிரே இருப்பவை ஒரே திசையில் சுற்றும், பக்கத்தில் இருப்பவை எதிர்த்திசையில். அடுத்த முறை மாற்றும்போது குறியைப் பார்க்காமல் மாட்டினேன். மேலே போக வேண்டியது, புல்லில் வண்டு மாதிரி மல்லாந்து விழுந்தது. ஒரு செட் உபரி றெக்கை, ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர், புதுத் திருகுகள், இவை இல்லாமல் இப்போது வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை.

ஃபில்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பநிலை ட்ரோன்கள் பலவற்றில் லென்ஸின் திறப்பை மாற்ற முடியாது. நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும்போது அசைவு இயல்பாகத் தெரிய, ஷட்டர் வேகம் 1/60 நொடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உச்சி வெயிலில் அதற்கு வெளிச்சத்தைக் குறைத்தே ஆக வேண்டும். என்டி16 என்ற ஃபில்டர் வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். சரி, பயனுள்ள பொருள்தான். ஆனால் ஷட்டரை ஆட்டோவில் விட்டுப் பறந்த முதல் ஆறு மாதம் எனக்கு அது எதற்கு? புகைப்படத்துக்கும் பெரிதாக வேலையில்லை. செட்டில் இருந்த நான்கு ஃபில்டர்களில் என்டி16 ஒன்றுதான் தேய்ந்திருக்கிறது.

றெக்கைக் காப்பு வீட்டுக்குள் பழக இரண்டு நாள் உதவியது. வெளியே மாட்டினால் எடை 250ஐத் தாண்டுகிறது, காற்று இழுக்கிறது, பறக்கும் நேரமும் குறைகிறது. பரணுக்குப் போயிற்று. பெட்டியும் அதன் பின்னாலேயே ஏறியது. தோளில் மாட்டும் சாதாரணப் பையும் கிம்பலுக்கு ஒரு மூடியும் போதும்.

மண்ணிலிருந்து கிளப்பினால் தூசி கிம்பலுக்குள் போகும், அதனால் இறங்குதளம் தேவைதான். வட்டமாக விரியும் ஒன்றை வாங்கினேன். பையிலிருந்து எடுத்ததும் துள்ளி விரிந்தது. திரும்ப மடிக்க வீடியோ பார்த்தும் முடியவில்லை. போதாததற்கு றெக்கைக் காற்றிலேயே ஓரம் தூக்கிக்கொண்டது. இப்போது காரில் காலடியில் கிடக்கும் ரப்பர் விரிப்பை உதறிப் போட்டு, அதன்மேல்தான் ஏற்றி இறக்குகிறேன். பறந்து முடிந்ததும் அது காருக்கே போய்விடும்.