டெட்ராய்ட் பக்கத்துல குடியிருந்துக்கிட்டு கேம்ரி ஓட்டின 12 வருஷம்

2013 கடைசில வாங்கினேன், 2012 மாடல் டொயோட்டா கேம்ரி, 2.5 லிட்டர் நாலு சிலிண்டர். கைக்கு வரும்போது 21,000 மைல், இப்போ 1,94,000 தாண்டிடுச்சு. இது வரைக்கும் இஞ்சினையோ கியர்பாக்ஸையோ யாரும் பிரிச்சதில்ல. ஆயில், டயர், பிரேக் பேட், ரெண்டு பேட்டரி, ஒரு பெல்ட், ஒரு தடவை ஸ்பார்க் பிளக், செலவுன்னா அவ்வளவுதான். மிச்சிகன்ல மைனஸ் 20 டிகிரி குளிர்ல கதவு பனியில ஒட்டிக்கிட்டு திறக்கவே வராது, தட்டித் தட்டித் திறந்து உள்ள உக்காந்தா ஒரே தடவைல ஸ்டார்ட் ஆகிடும். ஸ்டியரிங்ல என் இடது கை புடிக்கிற இடம் மட்டும் தேய்ஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு.

இதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் வெச்சிருந்தது ஒரு அமெரிக்க கம்பெனி செடான், பேரு வேண்டாம். சீட்டு சோபா மாதிரி இருக்கும், ஹீட்டர் தெருமுனை போறதுக்குள்ள சூடாகிடும், அந்த சொகுசுக்கு இன்னைக்கும் மனசு ஏங்குது. ஆனா 70,000 மைல்லயே கியர் மாறும்போது ஒரு உதறல், அதை சரி பண்ணி 2,800 டாலர் கட்டி முடிச்ச மூணாவது மாசம் கூலன்ட் லீக். கராஜ் தரையில அந்தக் கறை இன்னும் போகல.

அமெரிக்கக் கார் கம்பெனிகளோட ஊர் டெட்ராய்ட், ஒரு காலத்துல கார் தொழிலாளர் யூனியன் ஆபீஸ் பார்க்கிங்ல வெளிநாட்டுக் கார் விடக்கூடாதுன்னு போர்டு வெச்சிருந்த பக்கம் இது. எதிர்வீட்டுத் தாத்தா 30 வருஷம் கார் பிளான்ட்ல வேலை பாத்தவர், நான் கேம்ரியைக் கொண்டுவந்து நிறுத்தினதும் அவர் முகமே மாறிடுச்சு. கூட்டிட்டுப் போய் விஐஎன் நம்பரை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்கிற அடையாள நம்பரைக் காட்டினேன். ஜப்பான்லேருந்து வந்தா ஜே-ல ஆரம்பிக்கும், என்னோடது 4-ல ஆரம்பிக்குது, கென்டக்கில ஜார்ஜ்டவுன்ல செஞ்சது, அங்க 1988-லேருந்து கேம்ரி செஞ்சிட்டு இருக்காங்க. கண்ணாடியைப் போட்டுக் குனிஞ்சு படிச்சிட்டு, "அப்போ இதையும் நம்ம பசங்கதான் பண்ணிருக்காங்க"ன்னார்.

அதனாலதான் அமெரிக்க தொழிலாளி சரியில்லன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும். கலிஃபோர்னியா ஃப்ரிமாண்ட்ல ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) 1982-ல மூடின பிளான்டை 1984-ல டொயோட்டா கூட சேர்ந்து திறந்தாங்க, பழைய ஆளுங்கள்ல பெரும்பாலானவங்களையே திரும்ப எடுத்தாங்க. தப்பு கண்ணுல பட்டா கயிற்றை இழுத்து லைனை நிறுத்துற உரிமையை சாதாரண தொழிலாளி கையில குடுத்தாங்க, அதே ஆளுங்க கையிலேருந்து ஜப்பான் தரத்துல வண்டி வந்துச்சு. அந்தப் பாடம் ஜிஎம்-மோட மத்த பிளான்டுக்குப் போய்ச்சேர ரொம்ப வருஷம் ஆயிடுச்சு, 2009-ல திவால்.

பிக்கப் டிரக் கதை வேற. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்ட கோவத்துல 1964-லேருந்து அமெரிக்கா வெளிநாட்டு டிரக்குக்கு 25% வரி வெச்சது, பல பத்து வருஷம் அது டெட்ராய்ட் கம்பெனிகளுக்கு வேலி. காசு அங்க கொட்டுச்சு, மனசும் அங்கயே போயிடுச்சு, செடான் கவனிப்பாரில்லாத பிள்ளையாயிடுச்சு. ஃபோர்டு ஃப்யூஷன் 2020-ல போச்சு, செவ்ரலே மாலிபு 2024-ல போச்சு. பிக்கப் வாங்குறதா இருந்தா நான் இன்னைக்கும் டெட்ராய்ட் வண்டியைத்தான் முதல்ல பாப்பேன், ஆனா குடும்பத்துக்கு சாதாரண விலையில ஒரு செடான் வேணும்னா யார்கிட்டப் போறது?

பழைய கேம்ரி தேடுறவங்களுக்கு ஒண்ணு, பனி உருக ரோட்டுல உப்பு போடுற ஊர் வண்டின்னா லிஃப்ட்ல தூக்கி அடியில துரு எவ்வளவுன்னு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு அப்புறம் விலை பேசுங்க.