யூனிவர்சல் ஸ்டூடியோஸ் போகும் குடும்பம் எங்கே தங்குவது? செந்தோசாவா, ஹார்பர்ஃபிரண்டா, லிட்டில் இந்தியாவா?

ஓகஸ்ட் விடுமுறைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே மட்டக்களப்பில் எங்கள் கல்லடிப் பக்கத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். பிள்ளைகளை யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கூட்டிக்கொண்டு போகிறோம், சிங்கப்பூரில் எங்கே தங்கினால் நல்லது? அந்தக் கேளிக்கைப் பூங்கா இருப்பது செந்தோசாத் தீவில். ஹார்பர்ஃபிரண்ட் அதற்கு எதிர்க்கரை, லிட்டில் இந்தியா நகரத்துக்குள். நான் இரண்டு தடவை போய் வந்திருக்கிறேன். முதல் தடவை முழுக்க லிட்டில் இந்தியா. இரண்டாம் தடவை ஹார்பர்ஃபிரண்டில் இரண்டு இரவு, செந்தோசாத் தீவுக்குள் ஒரு இரவு. இரண்டு பயணத்திலும் அதே ஐந்து பேர்: நான், கணவர், மகள், சின்னவன், எழுபது வயதைத் தாண்டிய மாமி.

கேட்பவர்கள் எல்லோரும் விலையையும் தூரத்தையும்தான் முதலில் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மத்தியானம் ஒரு மணிக்கு உங்கள் வீட்டில் யாருக்குப் படுக்கை வேண்டும்? காலையில் பூங்காவுக்குப் போவது எங்கிருந்தும் லேசு. இரவு திரும்புவதையும் எப்படியோ சமாளிக்கலாம். நடுப்பகலில் ஒரு குழந்தையோ ஒரு வயதான ஆளோ களைத்துவிட்டால் அவரைப் படுக்க வைக்க அறை பக்கத்தில் இருக்கிறதா என்பதில்தான் அந்த நாள் தங்கியிருக்கிறது.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், அந்தப் பூங்காவில் குடும்பம் முழுவதும் ஒன்றாகச் சுற்ற முடியாது. பெரிய ரைடுகளுக்கு உயரக் கணக்கு உண்டு. மம்மி ரைடுக்கு 122 சென்ரிமீற்றர் வேண்டும், பற்றில்ஸ்ரார் கலக்ரிக்காவுக்கு 125. டிரான்ஸ்போமர்ஸுக்கு 102 போதும், ஆனால் 122-க்குக் குறைந்த பிள்ளையோடு பெரியவர் ஒருவர் ஏற வேண்டும். முதல் பயணத்தில் எங்கள் சின்னவன் 105-தான் இருந்தான். மகளும் கணவரும் மம்மிக்கு வரிசையில் நிற்க, அவனும் மாமியும் நானும் வெளியே நிழல் தேடி உட்கார்ந்திருந்தோம். ஒரு ரைடுக்கு ஒரு மணித்தியாலம் போனது. இரண்டாவது ரைடில் அவன் அழத் தொடங்கினான். மாமிக்குக் கால் வீங்கியிருந்தது. எங்கள் அறை லிட்டில் இந்தியாவில்.

அங்கே போகும் வழியைக் கேட்டால் ஒன்றும் கஷ்டமாகத் தெரியாது. லிட்டில் இந்தியா நிலையமும் ஹார்பர்ஃபிரண்ட் நிலையமும் ஒரே ஊதா நிறப் பாதையில்தான் இருக்கின்றன. தோபி காட், கிளார்க் கீ, சைனாடவுன், ஊட்ரம் பார்க், அடுத்தது ஹார்பர்ஃபிரண்ட். கால் மணித்தியாலம் போதும், எங்கும் மாறத் தேவையில்லை. ஆனால் ரயிலை விட்டு இறங்கியபின் விவோசிட்டி என்ற பெரிய கடைத்தொகுதிக்குள் மூன்றாம் மாடி வரை ஏறி, அங்கே செந்தோசா எக்ஸ்பிரஸ் பிடித்து, முதல் தரிப்பில் இறங்கிப் பூங்கா வாசல் வரை நடக்க வேண்டும். ஹோட்டல் கதவில் இருந்து பூங்கா கதவு வரை எங்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. மத்தியானம் போய்ப் படுத்துவிட்டுத் திரும்பி வருவது என்றால் இரண்டு மணித்தியாலம் வழியிலேயே போய்விடும். அன்று யாரும் போகவில்லை. மாமி ஒரு வாங்கில் சாய்ந்தபடியே பின்னேரம் வரை இருந்தா. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதற்காக லிட்டில் இந்தியா வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சாப்பாட்டுக்கும் மனசுக்கும் அதைவிட நல்ல இடம் நம்மவர்களுக்கு இல்லை. சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடக்கும் கோமள விலாஸில் காலையில் தோசையும் கோப்பியும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாத மாமிக்கு அதுவே பெரிய ஆறுதல். வீரமாகாளியம்மன் கோயில் அதே சாலையில், நடந்து போகலாம். ஊரில் மாமாங்கக் கோயிலுக்குப் போக முடியாத வெள்ளியை அவ அங்கே தீர்த்துக்கொண்டா. தேக்கா சந்தைக் கட்டடத்தில் இடியப்பத்தைப் புட்டு மாயம் என்ற பெயரில், தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுத் தருகிறார்கள். மாமி சொதி கேட்டா, கடைக்காரருக்கு விளங்கவில்லை. தமிழில்தான் கதைத்தார்கள் இருவரும், ஆனாலும் சொதி அங்கே போய்ச் சேரவில்லை.

காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் போகிறவர்களுக்கும் அந்தப் பகுதி வசதிதான். அங்குலியா பள்ளிவாசலும் அப்துல் கபூர் பள்ளிவாசலும் அங்கேயே இருக்கின்றன, ஹலால் சாப்பாட்டுக்குத் தேடி அலைய வேண்டியதில்லை. சுல்தான் பள்ளிவாசல் பக்கம் போனால் இன்னும் கடைகள் உண்டு. விமான நிலையத்தில் இருந்து ரயிலில் வருவதும் இங்கேதான் எளிது. சாங்கியில் ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் ஒரே ஒரு தடவை மாறினால் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம்.

அறையில்தான் ஏமாறுகிறோம். படத்தில் அழகாக இருந்ததைப் பார்த்து நாங்கள் பதிவு செய்த அறைக்கு ஜன்னல் இல்லை. சிங்கப்பூரின் மலிவு ஹோட்டல்களில் இது சாதாரணம், பதிவுப் பக்கத்தில் எங்கேயோ ஒரு வரியில் எழுதியும் இருக்கும். கல்லடியில் வாவிக் காற்றும் கடல் காற்றும் மாறி மாறி வரும் வீட்டில் பிறந்த பிள்ளைகள் அந்த அறைக்குள் காலை எது, இரவு எது என்று தெரியாமல் எழும்பினார்கள். பதிவு செய்யும் முன் ‘ஜன்னல் உள்ள அறை’ என்று எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இன்னொன்று, ஐந்து பேரும் ஒரு அறையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு அறைக்கு இத்தனை பேர் என்று கணக்கு இருக்கிறது, மூன்று பேருக்கு மேல் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஐந்து பேர் என்றால் இரண்டு அறைக்கான காசை எடுத்து வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

நுவரெலியாவுக்குப் போனால் ஒரு வீடாக வாடகைக்கு எடுப்போமே, அப்படிச் செய்யலாமா என்று தங்கச்சி கேட்டாள். முடியாது. சிங்கப்பூரில் தனியார் வீட்டைத் தொடர்ச்சியாக மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம், அரசாங்க அடுக்குமாடி வீடுகளுக்கு ஆறு மாதம். இணையத்தில் யாராவது வீடு தருகிறேன் என்று படம் போட்டால் முற்பணம் கட்டாதீர்கள்.

இனி செந்தோசா. பூங்கா இருக்கும் ரிசோர்ட்ஸ் வேர்ல்டு வளாகத்துக்குள் அல்லது அதற்கு அடுத்த இம்பியா பக்கத்தில் தங்கினால் காலையில் எழும்பி நடந்தே வாசலுக்குப் போகலாம். மத்தியானம் அறைக்குப் போய்க் குளித்து, இரண்டு மணித்தியாலம் தூங்கி, ஐந்து மணிக்குத் திரும்பலாம். பூங்காவை விட்டு வெளியே வரும்போது அதே நாளில் மீண்டும் உள்ளே வருவதற்குக் கையில் முத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்கும் இது உதவும். சிங்கப்பூரில் பின்னேரத்தில் இடியோடு மழை வருவது வழமை. மின்னல் இருந்தால் வெளியே ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். பக்கத்தில் தங்கியவர் அறைக்குப் போய்விடுவார், தூரத்தில் இருந்து வந்தவர் கூரைக்குக் கீழே நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் இரண்டு நிலையிலும் நின்றிருக்கிறோம்.

ஆனால் அந்த வசதிக்குக் கேட்கும் விலை! நாங்கள் தேடிய நாட்களில் செந்தோசாவில் ஒரு இரவுக்குக் கேட்ட காசில் லிட்டில் இந்தியாவில் இரண்டு இரவு தங்கலாம். சிங்கப்பூர் டொலர் ஒன்று 200 ரூபாயைத் தாண்டி நிற்கும் காலத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 10 வீத சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 9 வீத வரியும் சேரும் என்று அர்த்தம். 100 டொலர் என்று பார்த்தது 119 டொலர் 90 சதமாக வந்து நிற்கும். தீவுக்குள் சாப்பாடும் விலைதான். பூங்காவில் ஹலால் சான்று உள்ள உணவகங்கள் இருக்கின்றன, மரக்கறி கேட்டாலும் ஏதாவது கிடைக்கும், ஆனால் மூன்று வேளையும் அங்கேயே என்றால் காசு கரைந்துவிடும்.

அந்த விலையில் ஒரு பகுதி கடற்கரைக்கானது என்பதைக் கவனியுங்கள். சிலோசோ, பலவான், தஞ்சோங் என்று மூன்று கரைகள். ஐரோப்பாவில் இருந்து வருகிறவருக்கு அது பெரிய விஷயமாக இருக்கலாம். பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் நெடுந்தூரம் நடந்த பிள்ளைகளுக்கு அங்கே என்ன புதிதாக இருக்கிறது? எதிரே வரிசையாக நங்கூரமிட்ட கப்பல்கள் தெரியும், சின்னவன் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். மட்டக்களப்பில் இருந்து போகிறவர் கடல் பார்த்த அறைக்குக் கூடுதலாக ஒரு டொலர்கூடக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

செந்தோசாவில் தங்குவது நியாயமாகும் ஒரு நிலை இருக்கிறது. யூனிவர்சலோடு நிறுத்தாமல் அட்வெஞ்சர் கோவ் நீர்ப்பூங்காவும், 2025 ஜூலையில் திறந்த புதிய ஓஷியனேரியமும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நனைந்த உடுப்போடு பிள்ளைகளை ரயிலில் ஏற்றாமல் அறைக்கே கூட்டிப் போகலாம். அப்படி இரண்டு முழு நாள் அங்கே செலவிடுகிறவர்கள் தாராளமாகத் தங்கட்டும். ஒரு நாள் பூங்காவுக்காக மட்டும் என்றால் எனக்கு மனசு வரவில்லை.

ஹார்பர்ஃபிரண்டை யாரும் முதலில் நினைப்பதில்லை. அது சுற்றுலாப் பெயர் எடுத்த இடம் இல்லை, ஹோட்டல்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஆனால் விவோசிட்டியில் இருந்து செந்தோசா எக்ஸ்பிரஸில் ஏறினால் அடுத்த தரிப்பே பூங்கா. தீவுக்குள் போக ஒருவருக்கு 4 டொலர், திரும்பி வர ஒன்றும் இல்லை. வெயில் தாழ்ந்த பிறகு என்றால் பாலத்தில் நடைபாதை வழியாகக் காசு கொடுக்காமலே நடக்கலாம், கல்லடிப் பாலத்தில் பின்னேரம் நடப்பதுபோல இரண்டு பக்கமும் தண்ணீர். எங்கள் அறையில் இருந்து வாசல் வரை 25 நிமிடம் போதுமாக இருந்தது. இரண்டாம் பயணத்தில் மாமியும் சின்னவனும் கணவரும் ஒரு மணிக்கு அறைக்குப் போனார்கள். நானும் மகளும் டிரான்ஸ்போமர்ஸில் இரண்டு தடவை ஏறினோம். ஐந்து மணிக்கு மாமி முகம் கழுவி, பொட்டு வைத்து, சிரித்துக்கொண்டு திரும்பி வந்தா.

சாப்பாட்டுக்கு விவோசிட்டிக்குள் பெரிய உணவுக்கூடமும் ஃபெயர்பிரைஸ் கடையும் உண்டு, பாலும் பழமும் பாணும் அங்கே வாங்கினோம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சியா இம் உணவங்காடியில் மலாய்ச் சாப்பாடு மலிவு. விவோசிட்டியின் மேல்தளத்தில் பிள்ளைகள் கால் நனைத்து விளையாட ஆழமில்லாத தண்ணீர்த் தடாகம் இருக்கிறது, காசு இல்லை. தோசைக்கு மட்டும் ரயில் ஏற வேண்டும். கோயிலும் பக்கத்தில் இல்லை, அதை மாமி சொல்லிக்கொண்டே இருந்தா.

வந்து இறங்கும் நாளையும் கணக்கில் எடுங்கள். மட்டக்களப்பில் இருந்து கட்டுநாயக்கா வர ஏழெட்டு மணித்தியாலம், அதன் பின் நாலு மணித்தியாலம் விமானம், அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னே. இரவு விமானத்தில் போனால் விடியக் காலையில் நிற்பீர்கள், அறையோ பின்னேரம் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். எங்கே தங்கினாலும் பெட்டிகளை முன்மேசையில் வாங்கி வைப்பார்கள். அந்த நாளில் பூங்காவுக்குச் சீட்டு எடுக்காதீர்கள். டாக்சியில் நாலு பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள், ஐந்து பேருக்குப் பெரிய வண்டி கேட்க வேண்டும். செயலியில் பிடிக்கும் கார் என்றால் 1.35 மீற்றருக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இருக்கை வேண்டும், சாதாரண டாக்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

டிசம்பரில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: நமக்கு மாரி மழை தரும் அதே வடகீழ்ப் பருவக்காற்றுத்தான் அங்கும் மழை கொட்டுகிறது. அவர்களுடைய பள்ளி விடுமுறையும் அப்போதுதான். ஓகஸ்டில் அங்கே பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். 9ஆம் திகதி தேசிய தினத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்த்து, வார நாளாகப் பார்த்தால் வரிசை குறையும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், நடக்கக்கூடிய பெரியவர்கள் என்றால் நான் லிட்டில் இந்தியாவைத்தான் சொல்வேன், மிச்சம் பிடிக்கும் காசைப் பூங்காச் சீட்டுக்குப் போடலாம். நாலு வயதுப் பிள்ளையும் முழங்கால் வலியுள்ள எங்கள் அம்மாவும் சேர்ந்து போகும் தங்கச்சி குடும்பத்துக்கு இப்படிப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்: திங்கள் காலை போய் இறங்கி ஹார்பர்ஃபிரண்டில் இரண்டு இரவு, செவ்வாய் பூங்கா, புதன் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்கு மாறி அங்கே மூன்று இரவு. லிட்டில் இந்தியாவின் பெரிய கடையான முஸ்தபாவில் வாங்கும் சாமான்களோடு அதற்குப் பிறகு எங்கும் மாறத் தேவையில்லை, வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மனும் கைக்கு எட்டும் தூரம். சனி பகல் விமானம். ஞாயிறு மாலையில் வேலைக்கு வந்த நம் தமிழ்ப் பிள்ளைகளும் வங்காளிப் பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் அங்கே கூடுவார்கள், வாரத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே பொழுது அது. சின்னப் பிள்ளையோடு அந்த நெரிசலுக்குள் பெட்டி இழுக்காமல் இருக்கட்டும் என்றுதான் சனிக்கிழமையே திரும்பச் சொன்னேன். ஜன்னல் உள்ள இரண்டு அறை, நேற்றிரவு பதிவு செய்துவிட்டாள்.