பழைய கேமராவைக் கொடுக்கவும் வாங்கவும் சுங்கை சிப்புட்டில் ஒரு கடை

ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையில், சுங்கை சிப்புட் பட்டணத்துக் கடைவீட்டு வரிசையொன்றின் கீழ்த்தளத்தில் உள்ள இந்த ஸ்டூடியோவுக்கு, கல்யாண ஆல்பத்துக்காகவும் சட்டம் போட்ட குடும்பப் படத்துக்காகவுமே பெரும்பாலோர் வருகிறார்கள். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் உள்ள அலமாரியில் சில ஆண்டுகளாக வேறொரு வியாபாரமும் நடந்து வருகிறது. வீடுகளில் முடங்கிக் கிடக்கும் பிலிம் கேமராக்களை வாங்கி, பழுது பார்த்து, அவற்றைக் கொண்டு உண்மையாகவே படமெடுக்கப் போகிறவர்களிடம் விற்கிறார்கள். வரவேற்பறையில் அழகுக்கு வைக்கக் கேட்பவர்களுக்கென்று ஓடாத கேமராக்கள் தனித் தட்டில் இருக்கின்றன. ஓடுகிற ஒன்றை அதற்குத் தர மறுக்கிறார் கடைக்காரர். இந்தப் பிடிவாதத்துக்காகவே கடையைப் பரிந்துரைக்கலாம்.

சரக்கு பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தோட்டக் குடும்பங்களுடையது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, மக்கள் தாமான் வீடுகளுக்கு மாறியபோது, தீமிதியையும் சடங்கு வீட்டையும் படம் பிடித்த கேமராக்களும் தட்டுமுட்டுச் சாமான்களோடு மூட்டையாகிப் போயின. அப்படி வரும் எதையும் கடை கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்லை. மின்சுற்று செத்துப்போன பிளாஸ்டிக் கேமராக்களுக்கு உதிரிப்பாகம் கிடைக்காது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே பிலிம் மாட்டியபடி வந்தால், மூடியைத் திறக்காமல் சுருளைச் சுற்றி எடுத்து, அதை உரிமையாளரிடமே ஒப்படைக்கிறார்கள். படம் வரும் என்று வாக்குக் கொடுப்பதில்லை.

பழுது பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யாஷிகா எலக்ட்ரோ 35 இந்த வட்டாரத்தில் அடிக்கடி அகப்படும் கேமரா என்கிறார் கடைக்காரர். அதைக் கையில் எடுத்தவுடன் அவர் லென்ஸைப் பார்ப்பதில்லை. பிலிமை நகர்த்தும் கம்பியைத் தள்ளி, காதருகே வைத்துக் கேட்கிறார். உள்ளே 'டொக்' என்ற சத்தம் எழ வேண்டும். எழாவிட்டால், உள்ளிருக்கும் சிறு திண்டு மக்கிப்போய், பிலிமுக்கு ஒளியை விட்டு மூடும் ஷட்டரின் நேரக்கணக்கு குலைந்துவிட்டது என்று பொருள். பின்மூடியின் ஓரங்களில் ஒளி புகாமல் தடுக்கும் கறுப்புப் பஞ்சு, எந்தக் கம்பெனியின் கேமராவானாலும், இத்தனை ஆண்டுகளில் ஒட்டுப்பாலைப் போல் பிசுபிசுத்துக் கிடக்கும். அதைப் பல் குத்தும் குச்சியாலும் ஆல்கஹாலாலும் சுரண்டி எடுத்து, புதுப் பஞ்சு வைப்பதற்கே பாதி நாள் போய்விடுகிறது.

பேட்டரி இன்னொரு தலைவலி. 1966இல் வந்த மினோல்டா எஸ்ஆர்டி 101 போன்றவை 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பேட்டரி சந்தையை விட்டுப் போய்விட்டதால், பலர் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைத் திணித்துவிட்டு, ஒளிமானி பொய் சொல்கிறது என்று கேமராவைத் திட்டுகிறார்கள். இங்கே காது கேட்கும் கருவிக்கான துத்தநாகப் பேட்டரியை ஒரு வளையத்துடன் பொருத்தித் தருகிறார்கள். அது சில வாரங்களில் தீர்ந்துவிடும் என்பதையும் மறைப்பதில்லை.

ஒவ்வொரு கேமராவிலும் தொங்கும் சீட்டில் குறைகள் கையெழுத்தில் இருக்கின்றன. 'லென்ஸில் பூஞ்சைத் தழும்பு உண்டு, வெயிலுக்கு எதிரே எடுத்தால் படம் மங்கும்' என்று விற்பவரே எழுதி வைப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. நம் நாட்டு ஈரக்காற்றில் தோல் உறைக்குள்ளேயே கேமராவைப் பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும்? "உறையை வேணும்னா ஞாபகத்துக்கு வச்சுக்குங்க தம்பி, கேமராவை அதுல வைக்காதீங்க" என்று ஒரு வாடிக்கையாளரிடம் அவர் சொன்னது சரியான அறிவுரை.

குறை, பிலிம் கழுவுவதில்தான். கறுப்பு வெள்ளையைக் கடையிலேயே கழுவுகிறார்கள். மருந்து 20 டிகிரியில் இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீரோ எப்போதும் வெதுவெதுப்பு என்பதால் ஐஸ் கட்டி போட்ட பாத்திரத்தில் வைத்து வேலை செய்கிறார்கள், பலனும் நன்றாக இருக்கிறது. வண்ண பிலிமுக்கு 38 டிகிரி வெப்பம் பிசகாமல் வேண்டும், மருந்து கெடாமலிருக்கச் சுருள்களும் தொடர்ந்து வர வேண்டும். அந்த அளவுக்கு இங்கே வரத்து இல்லை. எனவே சேர்த்து வைத்து வெளியூருக்கு அனுப்புகிறார்கள், இரண்டு வாரத்துக்கும் மேல் ஆகிறது. வந்த படங்களை வாட்சாப்பில் அனுப்புவதால் அவை சுருங்கித் தெளிவிழந்துவிடுகின்றன. பென்டிரைவ் எடுத்துச் செல்லுங்கள், நெகட்டிவையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்ட பென்டாக்ஸ் கே1000 போதும். பேட்டரி தீர்ந்தாலும் அதன் ஷட்டர் நிற்காது. பிலிம் விலையை நினைத்துத் தயங்கும் மாணவர்களுக்கு ஒலிம்பஸ் பென் வகையைக் காட்டுகிறார்கள். ஒரு படத்துக்கு வழக்கமான இடத்தில் பாதியே பிடிக்கும் அரைச் சட்டக் கேமரா என்பதால் 36 படச் சுருளில் 72 எடுக்கலாம். 2024இல் புதிதாக வந்த பென்டாக்ஸ் 17உம் அதே கணக்குதான், ஆனால் அதன் விலைக்கு இங்கே பழைய கேமராவோடு பல சுருள்களும் வாங்கிவிடலாம்.

உத்தரவாதம் மூன்று மாதம், ஷட்டருக்கும் பிலிம் நகர்த்தும் பொறிக்கும் மட்டும், ஒளிமானிக்குக் கிடையாது. கேட்டால் ரசீதில் எழுதித் தருகிறார்கள், கேட்காவிட்டால் வாய்ப்பேச்சோடு சரி.